எடை குறைக்க எந்தப் பால்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 43, எடை 79 கிலோ. முழங்கால் வலிக்குப் போன இடத்தில் டாக்டர் 10 கிலோ குறைக்கச் சொல்லிவிட்டார். அரிசியைக் குறைத்து, தினமும் நடக்கவும் ஆரம்பித்துவிட்டேன். பால் விஷயத்தில்தான் குழப்பம்.

எங்கள் வீட்டில் பல வருடமாக ஆவின் ஆரஞ்சு பாக்கெட்தான். அதில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. காபி, தயிர் எல்லாம் சேர்த்து எனக்கே நாளுக்கு அரை லிட்டர் ஆகிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஆரஞ்சு என்றால் சுமார் 30 கிராம் கொழுப்பு, நீலம் என்றால் 15. கிராமுக்கு 9 கலோரி என்றால் 135 கலோரி வித்தியாசம். மாதம் முழுக்க என்றால் சின்ன விஷயம் இல்லையே!

ஆனால் மாமியாருக்கு நீலப் பாலில் தயிர் கெட்டியாக வராது என்று வருத்தம். ஆரஞ்சுப் பாலையே காய்ச்சி, ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் ஆடையை எடுத்துவிட்டால் போதுமா? அதில் கொழுப்பு எவ்வளவு குறையும்? 1.5 சதவீதம் உள்ள டபுள் டோன்டு பாலுக்கு மாறியவர்களுக்குச் சீக்கிரம் பசிக்கிறதா?

தோழி பாதாம் பால் குடிக்கச் சொல்கிறாள். கடையில் விற்பதில் புரதம் ரொம்பக் குறைவு, சிலவற்றில் சர்க்கரை வேறு. அதனால் எனக்கு மனம் வரவில்லை. சோயா பால் பழகியவர்கள் இருந்தால், காபிக்கு ஒத்துவருகிறதா என்று அவசியம் சொல்லுங்கள். காபியை மட்டும் என்னால் விட முடியாது.