எங்கள் குளத்தில் எதுவும் குறையவில்லையே, பிறகு எதை இழந்தோம்?

முத்தையன்கட்டுப் பிள்ளை:
உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். அந்நிய இனங்கள் பரவுவதும் உள்ளூர் இனங்கள் அழிவதும் சேர்ந்து எல்லா இடங்களையும் ஒன்றுபோல ஆக்கிவிடுகின்றன என்று ஆசிரியர் சொன்னார். எங்கள் குளத்தில் விரால், கெளுத்தி, கெண்டை எல்லாம் இருக்கின்றன. வெளிநாட்டு மீனான திலாப்பியாவும் சேர்ந்திருக்கிறது. ஓர் இனம் அதிகமாகியிருக்கும்போது இழப்பு எங்கே வந்தது?

குளக்கட்டு:
பிள்ளை, பக்கத்துக் குளத்தையும் சேர்த்துப் பாருங்கள். கணக்குக்காக, ஒவ்வொன்றிலும் 10 மீனினங்கள், பொதுவானவை 4 என்று வைப்போம். மொத்தம் 16 இனங்கள். அவற்றில் 4 பொது என்பதால் ஒற்றுமை 25 சதவீதம். இரண்டிலும் வெளியூரிலிருந்து அதே 3 இனங்களைக் கொண்டுவந்து விட்டால் 19இல் 7 பொது, ஒற்றுமை 37 சதவீதமாகும். எந்தக் குளமும் எதையும் இழக்கவில்லை, ஆனாலும் வேறுபாடு குறைந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றுக்கும் தனியே உரிய 2 இனங்கள் அற்றுப்போனால் 15இல் 7 பொது, ஒற்றுமை 47 சதவீதம்.

அமெரிக்காவின் 48 மாநிலங்களின் நன்னீர் மீன்களை மீன் ஆய்வாளர் பிராங்க் ரேகல் ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் எழுதினார். முன்பு ஒரு மீனினம்கூடப் பொதுவாக இல்லாத 89 மாநிலச் சோடிகளுக்கு இப்போது சராசரியாக 25 இனங்கள் பொது! அழிவைவிட, உணவுக்கும் பொழுதுபோக்குத் தூண்டிலுக்கும் என்று மனிதர் கொண்டுபோய் விட்ட மீன்களே அதற்குப் பெரிய காரணம்.

வலைக்காரன்:
குளத்து மீனில் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. திலாப்பியாவைக் குற்றவாளியாக்க வேண்டாம். இலங்கையில் பெரிய இயற்கை ஏரிகள் இல்லை. குளங்கள் மனிதர் கட்டியவை. ஆற்று மீன்களில் அகன்ற தேங்குநீரில் பெருகக்கூடியவை சிலவே. 1952இல் வந்த திலாப்பியா அந்த வெற்றிடத்தைப் பிடித்துக்கொண்டது. நீர் வற்றும்போது அலைகரையில் வட்டவட்டமாகக் குழிகள் தெரியும். முட்டையிடுவதற்கு ஆண் மீன் தோண்டியவை. பெண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். அந்த மீனால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

குளக்கட்டு:
அண்ணை சொல்வது நியாயம். தீங்கு வேறு, ஒரேமாதிரியாவது வேறு. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இரண்டும் சேர்ந்தே நடந்தன: 1950களில் மற்ற மீன்களைத் தின்னும் நைல் பேர்ச் மீனை விட்டார்கள், அந்த ஏரிக்கே உரிய சிறுமீன் இனங்கள் நூற்றுக்கணக்கில் அருகின, பல அடியோடு மறைந்தன.

எனக்கு வயிறு எரிவது பார்த்தீனியத்தைப் பார்த்தால்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. இலங்கையில் முதலில் பதிவானது வவுனியாவில், 1999இல். தும்பை, நாயுருவி, குப்பைமேனி என்று இடத்துக்கு இடம் மாறி நின்ற வெளிகளில் இப்போது அதே வெட்டுப்பட்ட இலை, அதே வெள்ளைப் பூ. மாடு வாய்வைக்காது. பிடுங்குபவர் தோல் அரிக்கும். வேரிலிருந்தும் இலையிலிருந்தும் வடியும் நஞ்சு பக்கத்துச் செடிகள் பல முளைப்பதைத் தடுக்கும். பூக்கும் முன், கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

முத்தையன்கட்டுப் பிள்ளை:
நன்றி ஐயா, நன்றி மாமா. செயற்றிட்டத்துக்கு எங்கள் குளத்தைக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தோடு ஒப்பிடலாமா?

குளக்கட்டு:
இரணைமடு மிகப் பெரியது; அளவு வேறுபட்டாலே இனங்களின் எண்ணிக்கையும் வேறுபடும். ஏறத்தாழ ஒரே அளவான இரண்டு சிறு குளங்களை எடுங்கள். ஒன்று நிரம்பி அதன் வான் (மேலதிக நீர் வழியும் வாய்) பாய்ந்து மற்றதில் விழக்கூடாது. அந்த வெள்ளத்தோடு மீனும் போய்விடும். பெயர்களை வலைக்காரரிடம் கேட்டு எழுதுங்கள்.