55 லட்சம் ஃபிளாட், 17,000 வாடகை: கணக்கு எங்கே இடிக்கும்?

புதுசாமி:
சென்னை மேடவாக்கம் பக்கம் ரீசேல் 2 பிஎச்கே, 55 லட்சம் சொல்றாங்க. வாங்கி வாடகைக்கு விடலாம்னு யோசனை. அதே பிளாக்கில் வாடகை 17,000 போகுது. கைக்கு வர்ற சம்பளம் 95,000. கார் லோன் 14,000, இன்னும் 18 மாசம். கையிருப்பு 18 லட்சம். 80% லோன் போட்டா இஎம்ஐயில் பாதிக்குப் பக்கம் வாடகையே கட்டிடும்னு நினைக்கிறேன். 40 லட்சத்துக்குப் பத்திரம் போட்டுக்கலாம்னு விற்கிறவர் சொல்றார். சரியா வருமா?

ஒத்திவீடு:
வாடகையை முழுசா எண்ணாதீங்க. வருஷத்தில் ஒரு மாசம் காலின்னு வெச்சா கைக்கு 1,87,000. அசோசியேஷன் மெயின்டனன்ஸை நீங்க கட்டுற மாதிரி பேசினா மாசம் 3,000, அதாவது 36,000. சொத்து வரி 6,000, பெயின்ட், பிளம்பிங்குக்கு 15,000 ஒதுக்கினா மிச்சம் 1,30,000. மாசத்துக்கு 10,800.

44 லட்சத்துக்கு 8.5%, 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 38,200. ஆக மாசம் 27,400 சம்பளத்திலிருந்து போகும். அந்த 10,800 தாங்கக்கூடிய லோன் பன்னிரண்டரை லட்சம்தான். வீட்டு விலை ஏறும்ங்கிற நம்பிக்கையில் வாங்குறீங்க, வாடகைக்காக இல்லைன்னு உங்களுக்கே தெளிவா இருக்கணும்.

பத்திரப்பெட்டி:
அதுக்கு முன்னாடி பேங்க் 44 தருமான்னு பாருங்க. எல்லா இஎம்ஐயும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாதுன்னு பேங்க் பார்த்தா 47,500. கார் லோன் போக 33,500. அதுக்கு 38.5 லட்சம்தான் கிடைக்கும். வரப்போற வாடகையை வருமானமா எடுத்துக்கிறது பேங்குக்குப் பேங்க் மாறும், அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

சரி, 44 கிடைச்சுதுன்னே வைங்க. மார்ஜின், அதாவது நீங்க கையிலிருந்து போடறது, 11 லட்சம். ரீசேலுக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, சேர்த்து 4.95 லட்சம். இதை லோனில் சேர்க்க மாட்டாங்க. எம்ஓடி, அதாவது பத்திரத்தைப் பேங்கில் அடமானமா வைக்கிற பதிவு, அதுக்குக் கடனில் அரை சதவீதம் முத்திரை, அதாவது 22,000, பதிவுக் கட்டணம் தனி. லீகல் ஒப்பினியன், பிராசஸிங், புரோக்கர் கமிஷன் எல்லாம் போனா 18 லட்சத்தில் பெருசா ஒண்ணும் மிஞ்சாது. ரெண்டு மாசம் ஆள் வராட்டி எங்கே போவீங்க?

40-க்குப் பத்திரம் போடறது விற்கிறவருக்குத்தான் லாபம். பேங்க் பத்திர மதிப்புல 80% பார்த்து 32 லட்சம் தரும். மீதி 23 லட்சமும் செலவும் உங்க கையிலிருந்து. நாளைக்கு விற்கும்போது உங்க வாங்கின விலை 40ன்னுதான் கணக்கு, அந்த 15 லட்சத்துக்கும் சேர்த்து வரி கட்டுவீங்க.

55-க்கே பத்திரம்னா விற்கிறவருக்குக் கொடுக்கிற பணத்தில் 1% டிடிஎஸ் (அவர் பேரில் முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி), 55,000, நீங்க பிடிச்சுக் கட்டணும். 50 லட்சத்தைத் தொட்டாலே இது உண்டு. மறந்தா வட்டி, அபராதம் உங்க தலையில்.

வரிக்கணக்கு:
வருமான வரியில் முதல் வருஷ வட்டி சுமார் 3.7 லட்சம். வாடகையில் சொத்து வரி கழிச்சு, அதில் 30% பொதுக்கழிவு போக 1.27 லட்சம். மெயின்டனன்ஸ், பெயின்டுக்குத் தனிக் கழிவு கிடையாது, அந்த 30%-க்குள்ள அடங்கிடுச்சு. நஷ்டம் 2.43 லட்சம். பழைய முறையில் 2 லட்சத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம், மீதியை 8 வருஷம் எடுத்துட்டுப் போகலாம். புதிய முறையில் இருந்தா சம்பளத்தில் ஒரு ரூபாயும் கழிக்க முடியாது. 'வரி மிச்சமாகும்'னு புரோக்கர் சொன்னா எந்த முறைன்னு கேளுங்க, பதில் வராது.

புதுசாமி:
கார் லோனை முடிச்சுட்டு 35 லட்சத்துக்குள்ள தேடினா?

பத்திரப்பெட்டி:
அது நடக்கும். கார் லோனுக்கு 2.4 லட்சம்போல போக 15.6 இருக்கும். 24.5 லோன், 10.5 மார்ஜின், 3.15 பதிவு. இஎம்ஐ 21,300. கையில் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மியா நிக்கும். எம்ஓடி, லீகல் போக மிச்சத்தைத் தொடாதீங்க. வாடகைக்கு வர்றவர் தர்ற டெபாசிட்டையும் அதில் சேர்க்காதீங்க, அது திருப்பித் தரவேண்டிய கடன்.

வாடகை ஒப்பந்தத்தை எழுதி, வாடகை ஆணையத்தில் பதிவு பண்ணுங்க. 11 மாச முத்திரைத்தாளை மட்டும் வெச்சுக்கிட்டா, காலி பண்ண மறுக்கும்போது கஷ்டம்.

ஒத்திவீடு:
அட்வான்ஸுக்கு முன்னாடி வாட்ச்மேனைக் கேளுங்க, கோடையில் வாரத்துக்கு எத்தனை லாரி தண்ணி இறங்குதுன்னு. மெயின்டனன்ஸ் அங்கேதான் எகிறும். அசோசியேஷன்கிட்ட பாக்கி இல்லைன்னு எழுத்தில் வாங்குங்க. பழைய ஓனர் வெச்ச பாக்கியை அவங்க உங்ககிட்டதான் கேட்பாங்க.