தராசு அனுப்பிய எடை பாதியில் உடைந்த கதை: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

முதுநகர்வாசி:

வணக்கம். கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் ஒரு கொட்டகைக்கு எடை பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். எலக்ட்ரானிக் தராசு, அதன் சீரியல் வயரை நெட்வொர்க்குக்கு மாற்றும் சின்னப் பெட்டி, அங்கிருந்து டி.சி.பி. (நெட்வொர்க்கில் தகவலைக் கொண்டுசேர்க்கும் விதிமுறை) வழியாக பில் கம்ப்யூட்டர். தராசு நொடிக்குப் பத்து முறை எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். 048.60 என்று ஆறு பைட் (ஒரு எழுத்துக்கு ஒரு பைட்), வரி முடிந்தது என்பதற்கு இரண்டு பைட். வீட்டில் லேப்டாப்புக்குள்ளேயே தராசு மாதிரி ஒரு புரோகிராமை ஓடவிட்டு இரண்டு நாள் சோதித்தேன். ஒரு எடைகூட மாறவில்லை.

துறைமுகத்தில் மாட்டிய மூன்றாம் நாள் விடியற்காலை, வஞ்சிரப் பெட்டி ஒன்றுக்கு 8.60 கிலோ என்று பில் வந்தது. சீட்டைக் கையில் வாங்கிய அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, ரெண்டு ஆளு புடிச்சு தூக்கி வெச்ச பெட்டி இது. எட்டு கிலோவா?" தராசின் திரையில் 48.60 தெளிவாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாற்பது கிலோ வஞ்சிரம் என்றால் அந்தக் குடும்பத்துக்கு என்ன காசு என்று உங்களுக்குத் தெரியும். அன்று முழுக்க பில்லைக் கையால் எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வந்த பைட்டுகளை அப்படியே ஃபைலில் பதிந்து பார்த்ததும் விஷயம் புரிந்தது. "04" ஒரு தடவை, "8.60" அடுத்த தடவை. தராசு நொடிக்கு 9600 பிட் வேகத்தில் பேசுகிறது, ஒரு பைட்டை அனுப்பப் பத்து பிட், அதாவது நொடிக்கு 960 பைட், ஒரு எழுத்துக்கு ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். தராசு நடுவில் சில மில்லிசெகண்ட் நின்றால், அதோடு முடிந்தது என்று நினைத்து அந்த நெட்வொர்க் பெட்டி கையில் இருப்பதை அனுப்பிவிடுகிறது. நான் ஒரு தடவை படித்தால் ஒரு எடை என்று நம்பி எழுதியிருந்தேன். சில நேரம் இரண்டு எடை ஒட்டிக்கொண்டும் வந்திருந்தது.

டி.சி.பி. மேல் குற்றமே இல்லை. 1981-ல் வந்த ஆர்.எஃப்.சி. 793 என்ற அதன் வரையறை ஆவணத்தின் காலத்திலிருந்து அது சொல்வது, பைட் தொலையாது, வரிசை மாறாது என்பதுதான். செய்தி எங்கே முடிகிறது என்பது அதன் கணக்கிலேயே இல்லை. கெடிலம் ஆற்றில் மேலே நின்று இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினால், கீழே மொண்டு எடுப்பவருக்கு எது எந்தக் குடம் என்று எப்படித் தெரியும்?

படிப்பதற்கு முன் 200 மில்லிசெகண்ட் தூங்க விடு என்று நண்பர் சொன்னார். செய்தேன், தவறு குறைந்தது, போகவில்லை. தயவுசெய்து யாரும் இந்த வழிக்குப் போகாதீர்கள், பிழை கண்ணுக்குப் படாமல் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். சரியான வழி: வருவதையெல்லாம் ஒரு பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) சேர்த்துக்கொண்டே போக வேண்டும். வரிமுடிவு தென்பட்டால் அதுவரை வெட்டி எடுக்க வேண்டும். இன்னொரு வரிமுடிவு இருந்தால் அதையும். மிச்சத்தை அடுத்த வரவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகும் சில நாள் காலையில் முதல் எடை மட்டும் தவறியது. கனெக்‌ஷன் கிடைக்கும் நொடியில் தராசு பாதி வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும் அல்லவா? அந்த முதல் துண்டைத் தூக்கிப்போட்டேன், எட்டு பைட் இல்லாத எந்த வரியையும் ஏற்கவில்லை. பிறகு சீட்டில் எடை தவறவில்லை.

தட்டாஞ்சாவடி:

அண்ணா, எனக்கு நடந்தது தமிழால். புதுச்சேரியில் கடைகளுக்கு ஓடும் எழுத்துப் பலகை செய்கிறோம். தகவலுக்கு முன்னால் அதன் நீளத்தை நான்கு பைட்டில் எழுதி அனுப்புவேன், பலகை அத்தனை பைட்டைப் படித்துக் காட்டும். ஆங்கிலத்தில் பிரமாதமாக ஓடியது. "புதுச்சேரி" என்று அனுப்பினேன். "புத" என்று காட்டி, பக்கத்தில் ஒரு கட்டம், அதோடு பலகை உறைந்துவிட்டது.

நாம் எழுதும்போது ஐந்து எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளை எண்ணும் யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி, அதனால் பத்துக் குறி, அதைப் பைட்டாக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 30. நான் நீளம் 10 என்று அனுப்பியிருந்தேன். பலகை பத்தே பைட் படித்தது: மூன்று குறி முழுசாக, நான்காவதில் ஒரு பைட். அடுத்து வந்த நான்கு பைட்டை, அதாவது உகரக் குறியின் மிச்ச இரண்டையும் 'ச'வின் முதல் இரண்டையும், அடுத்த செய்தியின் நீளம் என்று எடுத்துக்கொண்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 294 கோடிக்கும் மேல்! அத்தனை பைட்டும் வரட்டும் என்று அது காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது முதலில் பைட்டாக மாற்றிவிட்டுத்தான் நீளம் எண்ணுகிறேன். பலகைப் பக்கம், நீளம் 4096-ஐத் தாண்டினால் கனெக்‌ஷனையே துண்டிக்கச் சொல்லிவிட்டேன். தமிழில் அனுப்புகிறவர்கள் எல்லாரும் சோதனைக்குத் தமிழ்ச் சொல்லையே போடுங்கள், "ஹலோ"வை ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தால் இது சிக்காது.

கெடிலக்கரை:

வரவே வராத செய்தியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, தண்ணீர்த் தொட்டி அளவு அனுப்பும் எங்கள் கருவி கரண்ட் போய் நின்றது. இந்தப் பக்க கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இருந்தது, அதற்கு ஒன்றும் தெரியாது. ஒழுங்காக மூடிய கனெக்‌ஷனில் படித்தால் பூஜ்யம் பைட் வரும், நாம் தெரிந்துகொள்வோம். கரண்ட் போனால் அந்த விடைபெறுதலும் வராது. லினக்ஸில் கீப்‌அலைவ் (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வசதி) போட்டாலும் அது தட்டத் தொடங்கும் முன் இயல்பான காத்திருப்பு 7200 நொடி, இரண்டு மணி நேரம். நாங்கள் அதையும் போடவில்லை. மறுநாள் மதியம் வரை திரையில் பழைய அளவே நின்றது.

இப்போது கருவி 30 நொடிக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்புகிறது. மூன்று தவறினால் திரை சிவப்பாகும்.

முதுநகர்வாசி:

தம்பி, அந்த நீள எல்லையை நான் போட்டிருக்கவில்லை. வரிமுடிவே வராமல் போனால் என் பஃபரும் ஊதிக்கொண்டே போகும். இன்றிரவே சேர்க்கிறேன். கெடிலக்கரை அண்ணா, மூன்று தவறினால் கனெக்‌ஷனை நீங்களே மூடித் திரும்பத் திறக்கிறீர்களா, ஆள் வரும்வரை விட்டுவிடுகிறீர்களா?