பையனுக்கு முடி இறக்குவது எங்கே? (மங்கோலியக் குடும்பம் ஒன்றின் குழு அரட்டை, 2024)

சின்னவன் (தலைநகர் உலான்பாத்தர்): பையனுக்கு 3 வயது நடக்கிறது. இந்தக் கோடையில் முடி இறக்கிவிடலாம் என்று இருக்கிறோம். எங்கே வைக்கலாம்?

தார்கான் அத்தை: நல்ல சேதி 🙏

அக்கா: இங்கேதான். அம்மாவின் கெர் கூடாரத்தில்.

சின்னவன்: உங்களுக்குச் சிரமம் அக்கா. இந்த வருஷம் மந்தையில் பெரும்பகுதி போய்விட்டது. நகரத்தில் ஒரு ஹால் பார்த்திருக்கிறேன்.

அக்கா: ஹாலா?

பெரியண்ணன் (அர்வைஹேர்): எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். பெண் பிள்ளைக்கு 2 அல்லது 4, ஆண் பிள்ளைக்கு 3 அல்லது 5. இதைத் தவறவிட்டால் ஐந்தில்தான். லாமாவிடம் நாள் கேட்கணும். கத்தரிக்கோலில் நீல ஹதக் பட்டுத்துணி கட்டணும். பன்னிரண்டு விலங்கு வருஷங்களில் பையன் பிறந்தது மாட்டு வருஷம். பொருத்தமான வருஷத்தில் பிறந்தவர்தான் முதல் வெட்டு வெட்டணும். அம்மா பாம்பு வருஷம், பொருந்துகிறது. அப்புறம் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கொத்து வெட்டி ஹதக்கில் வைக்கணும், பரிசு தரணும். ஆடோ குதிரைக்குட்டியோ கொடுத்தால் அது பிள்ளையின் சொத்தாக மந்தையோடு வளரும். ஹாலில் எங்கே வளரும்?

சின்னவன்: தெரியும் அண்ணா.

அத்தை: உனக்கு முடி இறக்கியபோது நான் ஒரு செவலைக் குதிரைக்குட்டி கொடுத்தேனே.

அக்கா: அதன் பேத்தி இந்த மார்ச்சில் போய்விட்டது அத்தை.

அத்தை: 😢

அக்கா: பனி மேலே இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. குளம்பால் கொத்திக் கொத்திக் கால் கிழிந்ததுதான் மிச்சம், புல் எட்டவில்லை. காலையில் கதவைத் திறந்தால் வெள்ளாடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தபடி விறைத்துக் கிடந்தன. நாடு முழுக்க 70 லட்சம் கால்நடைகளுக்கு மேல் செத்ததாம். எனக்குச் செவலைதான் கண்ணிலேயே நிற்கிறது.

பெரியண்ணன்: கடைசி மகன்தான் அப்பாவின் அடுப்புக்கும் வீட்டுக்கும் சொந்தக்காரன். அவன் இங்கே இருந்திருந்தால் இன்னொரு கை உதவியிருக்கும்.

சின்னவன்: 2010 ஸுத்தில், அந்தக் கொடுங்குளிரில், எல்லாம் போனபோது நகரத்துக்குப் போகச் சொன்னதே நீங்கள்தான்.

அத்தை: அது இப்போது வேண்டாம்.

அக்கா மகள் (சியோல்): நாதாம் திருவிழாவுக்கு வருகிறேன்! ஜூலை 11-க்கு அப்புறம் வையுங்கள். சுடச்சுட ஹூஷூர் (இறைச்சி வைத்துப் பொரித்தது) வேணும். பெரிய மாமாவின் குதிரைக்குட்டி இந்த வருஷமும் பந்தயத்தில் ஓடுகிறதா? 😄

அத்தை: போன வருஷம் பயன் ஹோதோத், கடைசி இடம் 😄

பெரியண்ணன்: அதில் சிரிக்க என்ன இருக்கிறது? பந்தயத்தில் கடைசியாக வரும் இரண்டு வயசுக் குட்டியைப் பாட்டுப் பாடி வாழ்த்துவது அடுத்த வருஷம் முன்னால் வரட்டும் என்றுதான். அது நல்ல குட்டி. மூச்சு நீளம்.

சின்னவன்: ஐராக் (புளித்த குதிரைப்பால்) கிடைக்குமா அக்கா?

அக்கா: மூன்று குதிரைதான் கறவைக்கு இருக்கிறது. இருப்பதை ஊற்றுவோம்.

அக்கா: அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து ஆட்டுக்கொழுப்புத் தடவிக்கொண்டிருக்கிறார். சின்னவனே, உன் முடி இறக்கிய அதே கத்தரி.

அக்கா: ஒரு பெட்டை ஆட்டுக்குட்டிக்குக் காதில் குறியும் போட்டுவிட்டார். பேரனுக்காம்.

சின்னவன்: ஹாலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன் அக்கா.

அக்கா: திருப்பிக் கேள்.

சின்னவன்: வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

பெரியண்ணன்: லாமாவிடம் நாள் கேட்பது யார்?

அக்கா மகள்: எனக்கு 15 வரைதான் லீவு.