எவர்சில்வர் போசியில் ‘20 சங்கிலி – 100 ஸ்டாக்’னு வெட்டியிருக்கு. இது என்ன போட்டி?

வேலந்தாவளத்தான் கேட்டது:

வணக்கமுங்க. எங்கம்மா எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து ஒரே போசியிலதான் தயிருக்கு உறை ஊத்துவாங்க. அடியில என்னமோ எழுத்து வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு வந்த பாத்திரம், மொய் வெச்சவிங்க பேரா இருக்கும்னு நானும் கண்டுக்கல. போன வாரம் தேய்ச்சுக் கவுத்து வெச்சிருந்தப்பத்தான் படிச்சேன். ‘100 ஸ்டாக் – முதல் – 20 சங்கிலி – பொங்கல் 1995’.

அம்மாகிட்டக் கேட்டா, “உங்க மாமன் வண்டி ஓட்டி ஜெயிச்சது”ங்கறாங்க. மாமாகிட்டக் கேட்டா சிரிச்சுப்போட்டு எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிடறாரு. மூணு தடவை கேட்டுட்டேன், மூணு தடவையும் தோட்டந்தான்.

நம்ம கேரளா எல்லைப் பக்கம், மீனாட்சிபுரம், கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை ஏரியாவுல அப்ப பைக் டிராக் ரேஸ் (நேர் ரோட்டுல ரெண்டு ரெண்டு வண்டியா ஓட்டற போட்டி) மாதிரி ஏதாவது நடந்துதுங்களா? ஸ்டாக்னா கம்பெனி வண்டின்னு புரியுது. இந்த இருபது சங்கிலி என்னன்னுதான் புரியல. ஜெயிச்சவருக்கு 20 சங்கிலி குடுத்தாங்களான்னு எங்க பாட்டி கேக்குது.

மேக்குக்காத்து எழுதியது:

தம்பி, பாட்டிகிட்டச் சொல்லுங்க, அது கழுத்துல போடற சங்கிலி இல்ல, காடு அளக்கற சங்கிலி. சர்வேயருங்க இழுத்துட்டு வருவாங்களே, அதேதான். ஒரு சங்கிலி 66 அடி. இருபது சங்கிலி 1320 அடி. கால் மைல், இப்பத்திக் கணக்குக்கு 402 மீட்டர். உலகம் பூரா டிராக் ரேஸுக்கு அதுதானுங்க வழக்கமான தூரம். எங்களுக்கு மீட்டர் டேப்புக்கு வழியில்ல, சங்கிலி கெடைச்சுது, இருபது தடவை இழுத்தோம். அந்தச் சங்கிலியைக் கேட்டு வாங்கிட்டு வந்தவன் நான்தான்.

அந்தப் போட்டிக்குக் கொடி காட்டினதும் நான்தான். கொடின்னா செவப்புத் துண்டு. அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு, கோபாலபுரத்துப் பக்கம் ஒரு பட்டறையில கையாளு. சொந்தமா வண்டி இல்ல. வண்டி இல்லாதவனுக்குத்தான் கொடி, அதுதான் வழக்கம். ரெண்டு வண்டிக்கும் நடுவுல நின்னு துண்டைத் தூக்கிக் கீழ போடோணும். அதுனால ஓட்டினவிங்க எல்லாத்தையும் விட அதிகமா ஸ்டார்ட்டு பாத்தது என் கண்ணுதான்.

எடம் கேரளாவுக்குள்ள. ஒரு மில்லு வரப்போகுதுன்னு தார் ரோடு போட்டாங்க, மில்லு வரவே இல்ல. ரெண்டு பக்கமும் பனை, கடலைக் காடு, நடுவுல சாமி போட்ட கோடு மாதிரி ஒரு ரோடு. கெழக்கு முனையில ஒரு மொட்டைக் கெணறு. அதுனால என்னைக்குமே கெணத்துக்கு முதுகைக் காட்டி மேக்கால பாத்துத்தான் ஓட்டம். இதுல ஒரு சங்கதி இருக்குது. நம்மது பாலக்காட்டுக் கணவாய். ஆடியில மேக்குக் காத்து மூஞ்சியிலயே அறையும், யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் நாலாவது கியர்ல இழுக்காது, மூணுலயே கத்திக்கிட்டுக் கெடக்கும். மார்கழி, தையில காத்து திரும்பி முதுகுல தள்ளும். ஒரே வண்டி, ஒரே ஆளு, ஆடியில இருபது செகண்டுக்கு மேல, பொங்கலுக்குப் பத்தொம்பதுக்குள்ள. அதுனாலதான் போசியில மாசமும் சேர்த்து வெட்டறது. ‘பொங்கல்’னு போட்டிருந்தா டைமைப் பாத்து ரொம்ப மயங்காதீங்கன்னு அர்த்தம்!

வண்டிங்க பெரும்பாலும் ஆர்எக்ஸ் 100. 98 சிசி, 11 குதிரை, நூறு கிலோவுக்குச் சித்தக் கூட. எஸ்டி, புல்லட் எல்லாம் வரும், அது வேற வகுப்பு. ஆர்டி 350 ஒண்ணே ஒண்ணு எப்பவாச்சும் பொள்ளாச்சியில இருந்து வரும், தனியா ஓடிக் காட்டிட்டுப் போகும், நாங்க பெருமூச்சு விட்டுட்டு எங்க வேலையைப் பாப்போம். ஹீரோ ஹோண்டா சிடி 100 வெச்சிருந்த வாத்தியார் ஒருத்தரு ஒரு போட்டி விடாம வருவாரு. ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. போறப்ப மட்டும், “உங்களுக்கெல்லாம் லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?”ன்னு கேட்டுட்டுப் போவாரு.

ஸ்டாக்னா வந்தது வந்தபடி. காலையில ஆறு மணிக்கே வண்டியெல்லாம் வரிசையா நிக்கோணும். எங்க பட்டறை மேஸ்திரி செயின் கவரைக் கழட்டி ஸ்ப்ராக்கெட் பல்லை எண்ணுவாரு. சைலன்சர் பின்னால கையை விட்டு சத்தத்தை அடக்கற பேஃபிள் இருக்குதான்னு பாப்பாரு. ஏர் ஃபில்டர் இல்லாம வந்தவன் வீட்டுக்குப் போயி மாட்டிட்டு வரோணும். வேகத்துக்காக எஞ்சினுக்குள்ள போர்ட் தேய்ச்சதும் ஹெட் சீவினதும் வெளிய தெரியாதுங்களே, அதுக்கு ஒரு வழி வெச்சிருந்தோம். தோத்தவன் நூறு ரூபாய் கட்டினா ஜெயிச்சவன் எஞ்சினைத் தொறக்கோணும். தப்பு இருந்தா போசி கை மாறும். இல்லைன்னா நூறு ரூபாய் ஜெயிச்சவனுக்கு.

ஒரு பால்காரண்ணன் இருந்தாரு. தினம் விடியக்காலம் ரெண்டு பக்கமும் கேன் கட்டி சொசைட்டிக்குப் பால் கொண்டு போற வண்டி. ஞாயித்துக்கிழமை கேனைக் கழட்டிப்போட்டு, கேன் மாட்டற கம்பியோடயே ஓட்ட வருவாரு. தொடர்ந்து நாலு போட்டி அவருக்கே. கோயமுத்தூர்ல இருந்து வந்த ஒரு பையனுக்குப் பொறுக்கல, நூறு ரூபாயைக் கட்டிட்டான். பனை மரத்தடியில சாக்கை விரிச்சு நான்தான் ஹெட்டைக் கழட்டினேன். வெர்னியர் அளவுகோல் வெச்சுப் பாத்தா எல்லாம் கம்பெனி அளவு. பிஸ்டன் மேல கரி மட்டும் ஒரு வெரக்கடை. அந்த வண்டி ஓடினதே பெரிய சங்கதி.

அவரு ஜெயிச்சது கிளட்ச்சுலதானுங்க. ஆர்எக்ஸ்ல முறுக்கிட்டு வெடுக்குன்னு விட்டா முன்சக்கரம் எந்திரிச்சுக்கும், அதை எறக்கறதுக்குள்ள ஒரு வண்டி நீளம் போயிரும். பயந்து கம்மியா முறுக்கிட்டு விட்டா எஞ்சின் அமுங்கிப் போயி எந்திரிக்கறதுக்குள்ள ரெண்டு வண்டி நீளம். இவரு பால் சிந்தாம வண்டி எடுத்துப் பழகுன கை. துண்டு தரையைத் தொடறதுக்குள்ள ஒரு இழு, சத்தமே மாறாது, மூக்கு எந்திரிக்காது, ஆள் போயாச்சு. முன்னாடி நின்னு பாத்த எனக்குத் தெரியும். முடிவுக் கோட்டுல நின்னு பாத்தவிங்களுக்கு அது எஞ்சின்.

நூறு ரூபாயை வாங்கி மடிச்சு வெச்சுப்போட்டு, “தொறந்த எஞ்சினுக்குப் புதுக் கேஸ்கெட் காசு தனி”ன்னாரு பாருங்க, அங்கதான் எல்லாரும் சிரிச்சோம்.

உங்க மாமாவுக்குப் பால் தொழிலுங்களா? 1995 பொங்கலுக்கு எத்தனை போசி வெட்டினோம்னு எனக்குத் தெரியும், அதுனால கேக்கறேன்.

ஆரம்பாக்கம் எல்லை எழுதியது:

நாங்க ஆந்திரா பார்டர் பக்கம். எங்களுக்கு ரேஸ்னா சோழவரம்தான். ரெண்டாம் உலகப்போர் காலத்து ஏரோடிராம், ஆங்கில டி எழுத்து மாதிரி ஓடுதளம், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும். எங்க அப்பா கும்மிடிப்பூண்டியில லாரி ஏறிப் போய், நாள் முழுக்க வெயில்ல நின்னு, தோல் உரிஞ்சு வருவார். 1990ல இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போயிடுச்சு. அதைப் பார்த்தவங்களுக்குச் சங்கிலி வெச்சு அளந்த ரோடெல்லாம் ரேஸ்னு சொன்னா கொஞ்சம் சிரிப்பு வருது, தப்பா எடுத்துக்காதீங்க.

கொழிஞ்சாம்பாறை பெருசு எழுதியது:

சிரிக்க வேண்டாம் தம்பி. அமெரிக்காவுலயும் இதே கதைதான். நான் பத்திரிகை படிச்சே வளர்ந்தவன், ஓட்டினது சைக்கிள் மட்டும். கலிபோர்னியாவுல காய்ஞ்ச ஏரியில ஓட்டிட்டு இருந்த பசங்க, 1950ல சாந்தா ஆனாவுல ஒரு விமான ஓடுதளத்துக்கு வந்தாங்க. 1951ல வாலி பார்க்ஸ் என்ஹெச்ஆர்ஏங்கற டிராக் ரேஸ் சங்கத்தை ஆரம்பிச்சார். அவங்களோட முதல் தேசியப் போட்டி 1955ல, கான்சாஸ்ல கிரேட் பெண்ட்ங்கற ஊர், அதுவும் பழைய ராணுவ விமானத்தளம். அங்கேயும் துண்டு ஆட்டுற மாதிரி கொடி ஆட்ட ஒரு ஆள்தான். கிறிஸ்துமஸ் மரம்னு சொல்ற லைட்டுக் கம்பம் வந்தது 1963ல.

ஸ்டாக் வகுப்புன்னா காரோட எடையைக் குதிரைத்திறனால வகுப்பாங்க. வர்ற எண்ணை வெச்சு எந்த வகுப்புன்னு முடிவு. வீட்டுக்குச் சாமான் வாங்கப் போற கார்லயே ஞாயித்துக்கிழமை ஓடலாம், அதுதான் அதோட ருசி. தில்லுமுல்லும் அங்கேயே உண்டு. கம்பெனிக்காரனே குதிரையைக் குறைச்சு எழுதுவான். 1968ல ஃபோர்டு 428 கோப்ரா ஜெட் எஞ்சினுக்குக் காகிதத்துல 335 குதிரைதான். ஓடின வேகத்தைப் பார்த்து நம்பினவன் ஒருத்தனும் இல்ல. சங்கம் தானே ஒரு கணக்குப் போட்டு ஏத்தி எழுத வேண்டியதாச்சு.

வேலந்தாவளத்தான்:

மேக்குக்காத்து அண்ணா, படிச்சுப்போட்டு அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன். மாமா பால்காரர் இல்லீங்க. அவரு வெச்சிருந்தது சுசுகி ஷோகன் பைக். கறுப்பு ஷோகன், அம்மாவுக்கு நல்லா நெனவு இருக்குது.

மேக்குக்காத்து:

ஷோகனா! அவருங்களா உங்க மாமா?

தம்பி, அந்தப் போசி இருக்கே, அதுக்குத்தான் ஒட்டுக்கா முப்பது பேரு பொழுது சாயற வரைக்கும் கத்தினோம். ஷோகன் அப்பத்தான் ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்த வண்டி. 108 சிசி, 14 குதிரை. வகுப்பு பேரு ‘100’. எட்டு சிசி கூட இருக்கற வண்டியை எப்படிச் சேக்கறதுன்னு ஒரு கட்சி. ‘நூறு வகுப்பு’ங்கறது பேருதான், வர்ற புது வண்டிக்கெல்லாம் தனியா போசி வாங்கக் காசு எங்க இருக்குதுன்னு ஒரு கட்சி. உங்க மாமா அன்னைக்கும் இப்படித்தான், சிரிச்சுப்போட்டு வண்டி மேல சாஞ்சுட்டு நின்னாரு. பால்காரண்ணன் ரெண்டாவது. நான் பால்காரண்ணன் கட்சி. கத்தினதுல என் சத்தந்தான் பெருசு.

எங்க மேஸ்திரி ஒண்ணுஞ் சொல்லல. தரையில குச்சி எடுத்துக் கணக்குப் போட்டாரு. ஆர்எக்ஸோட போர், அதாவது சிலிண்டரோட குறுக்களவு, 50 மில்லி; ஸ்ட்ரோக், பிஸ்டன் ஏறி எறங்கற தூரம், அதுவும் 50. அதுதான் 98 சிசி. தேய்ஞ்ச சிலிண்டரை லேத்துல குடுத்துக் கடைஞ்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போடறோமே, அரை மில்லி கூட்டினாலே நூறு சிசி தாண்டிரும். ஒரு மில்லி கூட்டினா 102. அங்க நின்ன ஆர்எக்ஸ்ல பாதிக்கு மேல கடைஞ்ச சிலிண்டருதான், நாங்களே கடைஞ்சு மாட்டினதுதான். ஓவர்சைஸை நாங்க எப்பவுமே ஸ்டாக்னுதான் விட்டுட்டு இருந்தோம், ரிப்பேருதானேன்னு. “நூறு தாண்டினவனெல்லாம் அக்கட்டப் போய் நில்லுங்க”ன்னாரு. இக்கட்ட நின்னது பால்காரண்ணனும் சிடி 100 வாத்தியாரும் இன்னும் ரெண்டு பேரும்.

அப்பவும் பால்காரண்ணன் வண்டி கணக்குப்படி சரியான வண்டிங்க. போசி அவருக்குத்தான் வந்திருக்கோணும்னு எனக்கு இன்னைக்கும் தோணுது. அவருதான், “எம்பட வீட்டுல நாலு போசி இருக்குது, அஞ்சாவதை வெச்சு என்ன பண்ண”ன்னு சொல்லிப்போட்டு கேனைக் கட்டப் போயிட்டாரு. பேரு வெட்டறவருகிட்ட உங்க மாமா பேரை வெட்டச் சொன்னதுக்கு, “பேரு வேண்டாம், தகராறு தீரட்டும்”னாரு மேஸ்திரி. அதான் போசியில பேரு இல்ல, பாத்தீங்களா? மத்த எல்லாப் போசியிலயும் பேரு இருக்கும்.

ஆரம்பாக்கத்து நண்பருக்கு: சோழவரத்துக்கு நானும் போகோணும்னு ஆசைப்பட்டவன்தானுங்க. பஸ்சுக்குக் காசு இல்ல. எங்ககிட்ட இருந்தது மூணு ஹெல்மெட். ஓடறவிங்களுக்கு ரெண்டு, மூணாவதுல நுழைவுக் காசு போடறது. கடைசியில ஒரு ஆடு குறுக்க வந்து ஒரு பையன் கை முறிஞ்சு, அவிங்க அப்பா வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போனாரு. அதுக்கப்பறம் யாருக்கும் மனசு வல்ல. அது சரியான முடிவுதான், அந்த ரோட்டுல யாரும் சாகாம தப்பிச்சது எங்க தெறமையில்ல. 96ல ஆர்எக்ஸ் 100 வர்றதே நின்னு போச்சு. இப்ப அங்க தென்னந்தோப்பு. இப்பத்திப் பசங்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில தேசிய டிராக் போட்டியே நடக்குது, நம்ம செட்டிப்பாளையத்துல கரி ஸ்பீட்வேங்கற பந்தயத் தடம் இருக்குது. ஓட்டோணும்னா அங்க போயி லைசன்ஸ் எடுத்து ஓட்டட்டும். ரோட்டுல வேண்டாம்.

தம்பி, மாமாகிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அன்னைக்கு நான் துண்டை எறக்கறதுக்கு முந்தியே அவரு கெளம்பிட்டாருன்னு எனக்கு ஒரு சந்தேகம். முப்பது வருசமா இருக்குது.

வேலந்தாவளத்தான்:

கேட்டேனுங்கண்ணா. இந்தத் தடவை தோட்டத்துக்குப் போகல. “துண்டு போட்டவன் கண்ணு எங்க இருந்துச்சுன்னு கேளு”ங்கறாரு. அன்னைக்குப் பனை மரத்தடியில யாரோ மோர் கொண்டு வந்து நின்னாங்களாம், நீங்க அங்க பாத்துட்டே துண்டை விட்டீங்களாம்.

போசியைப் பால்காரர் வீட்டுக்குக் குடுத்துரலாமான்னு அம்மாகிட்டக் கேட்டுப் பாத்தேன். நாளைக்குத் தயிருக்கு உறை ஊத்தியாச்சு, அதெல்லாம் முடியாதுங்கறாங்க.

மேக்குக்காத்து:

மோர் கொண்டு வந்தவங்களைத்தான் நான் கட்டிக்கிட்டேன். இதுக்கு மேல இங்க எழுத மாட்டேனுங்க, அவங்களும் இதைப் படிக்கறாங்க.