மூக்கையூர் மணலில் ஏழு தலையோடு ஒரு பனை: இது நம் பனைதானா?

வடலிக்காரன், மூக்கையூர்:

எல்லோருக்கும் வணக்கம். மூக்கையூர் மீன்பிடித் துறைமுகத்தில் படகு என்ஜின் பழுது பார்க்கிறேன். வீடு சாயல்குடிப் பக்கம். போகவர வழியில் பனைகளைப் படம் எடுத்துச் சேர்ப்பது என் பழக்கம். நிமிர்ந்தது, சாய்ந்தது, ஆலமரம் சுற்றிக்கொண்டது, இடி விழுந்து தலை போனது என்று கைபேசி முழுக்கப் பனைதான். ஆனால் கீழே போட்டிருக்கும் படங்களில் உள்ள மரத்தைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

கடலை ஒட்டிய மணல்மேட்டில், ஒருவருடைய பனங்காட்டின் தெற்கு ஓரத்தில் நிற்கிறது. சுற்றிலும் சீமைக் கருவேல். தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு ஒற்றை மரம்தான். அங்கே இரண்டாகப் பிரிகிறது. கிழக்குக் கிளை இன்னும் கொஞ்சம் ஏறி மூன்றாகிறது, மேற்குக் கிளை நான்காகிறது. ஆக ஏழு தலை. ஏழிலும் பச்சை ஓலை இருக்கிறது. பிரியும் இடங்களில் மரம் வீங்கி, மட்டைத் தழும்புகள் கோணல்மாணலாகப் போகின்றன. மூன்றாவது படத்தில் தெளிவாகத் தெரியும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இது ரொம்ப வேண்டிய மரம். கரையில் மற்ற பனைகளெல்லாம் ஒரே வரிசையாகத் தெரியும்போது இது மட்டும் தனியாகக் கண்ணில் படும். எல்லாப் படகிலும் ஜி.பி.எஸ். வந்துவிட்டது. ஆனாலும் நண்டு வலை போட்ட இடத்தைச் சொல்லும்போது "ஏழு தலைக்கு நேரே" என்றுதான் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

ஊரில் இரண்டு பேச்சு இருக்கிறது. நாகம் படம் எடுத்த மரம் என்று சிலர் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போகிறார்கள். வேறு சிலர், இது நம் ஊர்ப் பனையே இல்லை, பழைய காலத்தில் மரக்கலத்தில் வந்தவர்கள் கொண்டுவந்து போட்ட கொட்டை என்கிறார்கள். நம் மாவட்டக் கரையில் அங்கங்கே நிற்கும் பெருக்க மரங்களை (பாவோபாப்) அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வதுண்டு. அந்தப் பேச்சு இதற்கும் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அவசரமாகக் கேட்கக் காரணம் இருக்கிறது. காட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். செங்கல் சூளைக்கு மரம் எடுக்கும் தரகர் ஒருவர் மொத்தக் காட்டுக்கும் விலை பேசிக்கொண்டிருக்கிறார். நான் காட்டுக்காரரிடம் பேசப்போகிறேன். அதற்கு முன் இது என்ன மரம், ஏன் இப்படி ஆனது என்று உறுதியாகத் தெரிந்தால் நல்லது. அப்புறம், இதன் கொட்டையை நட்டால் இதே மாதிரி கிளைப் பனை வருமா?

ஈச்சங்காடு, இராமநாதபுரம்:

தம்பி, அருமையான படங்கள். நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தூரத்துப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். ஏனென்றால் இயல்பாகவே கிளை விடும் பனை உலகில் இருக்கிறது. ஹைஃபேன் என்பது அந்தப் பேரினம். எகிப்தில் நைல் கரையில் வளரும் டூம் பனை அதில் ஒன்று. இந்தியாவிலும் ஒரு வகை உண்டு: ஹைஃபேன் டைகாடோமா. குஜராத் கடற்கரையிலும் டையூவிலும் நிறைய நிற்கிறது. ஆகவே உங்கள் ஊரில் வெளியிடத்துப் பனை என்று சொல்கிறவர்களின் பேச்சைச் சும்மா தள்ளிவிட முடியாது. பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு வேண்டியது கிட்டத்துப் படங்கள். முதலில் விழுந்த மட்டை ஒன்றை எடுத்து அதன் ஓரத்தைக் காட்டுங்கள். நம் பனையில் அது கருக்கு. கறுத்து, ஒழுங்கில்லாத ரம்பப் பற்களாக இருக்கும். டூம் வகையில் தனித்தனியாக, மேல்நோக்கி வளைந்த கொக்கி முள் இருக்கும். ஓலையும் சின்னது, சாம்பல் பூத்த பச்சை.

எல்லாவற்றையும் விடப் பழம்தான் சாட்சி. டூம் பழம் கையில் அடங்கும், உள்ளே ஒரே கொட்டை. நம் பனம்பழம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் மூன்று கொட்டை, சிலவற்றில் இரண்டு அல்லது ஒன்று. படம் எடுக்கும்போது பக்கத்தில் உங்கள் கையையோ ஒரு ஸ்பேனரையோ வையுங்கள், அளவு தெரியும். இங்கே பனைப் படம் போடும் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். வானத்தில் நிழலாகத் தெரியும் தலை பார்க்க அழகுதான், ஆனால் அதை வைத்து மரத்தின் பெயரைச் சொல்ல முடியாது. மட்டையின் ஓரம், ஓலையின் அடிப்பக்கம், பிளந்த பழம், அடிமரம், இந்த நான்கும் இருந்தால் போதும்.

வடலிக்காரன், மூக்கையூர்:

ஐயா, போய்ப் பார்த்து வந்தேன். ஆவணி பிறந்துவிட்டதால் அடியில் பழம் கிடந்தது. ஒன்றைப் பிளந்தேன், மூன்று கொட்டை. இன்னொன்றில் இரண்டு. பழத்தின் மணமும் நாரும் நம் வீட்டுப் பனம்பழம் அப்படியே. மட்டையில் கருக்குதான், கொக்கி முள் எதுவும் இல்லை. படங்களை இணைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். ஆறு தலையில் காய்த்த அடையாளம் இருக்கிறது. மேற்குப் பக்கம் உள்ளே ஒடுங்கி நிற்கும் ஒரு தலையில் மட்டும் காயும் இல்லை, பாளையும் இல்லை. அது ஆணாக இருக்குமோ?

ஈச்சங்காடு, இராமநாதபுரம்:

சந்தேகமே இல்லை. நம் பனை, பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர். கருக்கும் மூன்று கொட்டையும் போதும்.

ஏழு தலையும் ஒரே கொட்டையிலிருந்து வந்த ஒரே மரம் என்பதால் ஏழும் பெண்தான். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒடுங்கி நிற்கும் தலைக்கு வெளிச்சமும் இடமும் குறைவு, அதனால் பாளை விடாமல் இருக்கலாம். ஆணாக இருந்தால் விரல் விரலாக நீண்ட கதிர் தொங்கும். அதைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

ஏன் கிளைத்தது என்பதற்கு வருகிறேன். பனைக்கு உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது, உச்சியில் உள்ள குருத்தில். மா, வேம்பில் ஒரு கிளை போனால் இன்னொரு கிளை வரும், பனையில் அப்படி வராது. குருத்து அழுகினால் பொதுவாக மரமே முடிந்தது. மிக அரிதாக, குருத்து முழுக்கச் சாகாமல் காயம் மட்டும் பட்டு இரண்டு வளர்முனைகளாகப் பிரிந்துவிடும். அல்லது மட்டை இடுக்கில் பாளையாக வரவேண்டிய மொட்டு, தானே ஒரு தலையாக வளர்ந்துவிடும். உங்கள் மரத்தில் இது ஒரு தடவையோடு நிற்கவில்லை. கீழே ஒரு முறை, அப்புறம் கிழக்கிலும் மேற்கிலும் தனித்தனியாக நடந்திருக்கிறது. வளைந்து போகும் தழும்புகள் அதைத்தான் காட்டுகின்றன. இத்தனை முறை அடிபட்டும் ஏழு குருத்தோடு நிற்கிறது என்றால், அந்த மரத்தைக் காப்பாற்ற வேறு காரணமே வேண்டாம்.

பனையேறி மகன், நரிப்பையூர்:

அண்ணே, அந்த மரம் எனக்குத் தெரியும். எங்கள் அப்பா அந்தக் காட்டில் விடிலி (ஓலைக் குடிசை) போட்டுப் பதநீர் காய்ச்சியவர். சின்ன வயதில் அம்மாவோடு அங்கேதான் கோடை முழுக்க இருப்போம். அப்பா அந்த மரத்தில் பாளை சீவியதே இல்லை. காரணம் பக்தி இல்லை. காலில் தளைநார் என்ற நார் வளையம் மாட்டி ஏறும்போது காலுக்கு உருண்டையான மரம் வேண்டும். பிரிவில் போய்க் கால் மாற்றும்போது பிடி கிடைக்காது. அரிவாள் பெட்டியும் கலயமும் இடுப்பில் இருக்கும். காலையும் மாலையும் ஏற வேண்டிய மரத்தில் அந்த ஆபத்து வேண்டாம் என்பார்.

அவர் சொன்ன இன்னொன்று: வண்டு. இந்த மரம் வடலியாக, அதாவது இளம் பனையாக இருந்தபோது பக்கத்திலேயே ஒரு எருக்குழி இருந்ததாம். காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் முட்டை வைக்கும். வளர்ந்த வண்டு வந்து குருத்தைத் துளைக்கும். அந்தக் குருத்து விரியும்போது ஓலை முக்கோணமாக வெட்டுப்பட்டிருக்கும். அண்ணே, நீங்கள் போட்ட நாலாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது ஓரத் தலையில் இரண்டு ஓலையில் அந்த வெட்டு இருக்கிறது. இப்போதும் வண்டு வருகிறது என்று அர்த்தம்.

தென்னைக்குச் செய்வதையே இதற்கும் செய்யலாம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்கில் போட வேண்டும். பக்கத்தில் மட்கிக் கிடக்கும் பனந்தடியை அப்புறப்படுத்துங்கள், அதிலும் புழு வளரும். ஏணி வைத்து ஏற என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். காய்ந்து தொங்கும் காவோலையையும் கழித்துவிடலாம், ஐப்பசிக் காற்றுக்கு முன்னால் பாரம் குறையும். ஒரு தலையை வெட்டினால் மற்றது நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஈச்சங்காடு, இராமநாதபுரம்:

தம்பி சொன்னது முழுக்கச் சரி. தலையை வெட்டவே கூடாது. பனைக்குக் காயம் ஆறிப் பட்டை மூடும் வழக்கம் கிடையாது. வெட்டிய இடம் திறந்தே இருக்கும், தண்ணீர் இறங்கும், மரத்தைக் குடையும் கூன்வண்டும் வந்து சேரும்.

கொட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். காயத்தால் வந்த கிளை கொட்டைக்குள் போகாது. நட்டால் எல்லோர் வீட்டுப் பனையும் போல ஒற்றை மரமாகத்தான் வரும். மகரந்தம் வேறு ஆண் மரத்திலிருந்து வந்தது, அதனால் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதி ஆண். அதுவும் பாளை விடும்வரை தெரியாது, பன்னிரண்டு ஆண்டுக்கு மேல்கூட ஆகும். பதியன், ஒட்டு எதுவும் பனைக்கு இல்லை. இந்த மரம் போனால் இதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது. காட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனாலும் அந்தக் கொட்டைகளை நடத்தான் வேண்டும். முளை முதலில் கீழே இறங்கிக் கிழங்காகும், அதனால் பையில் வளர்த்துப் பிடுங்கி நடுவதை விட நேராக மண்ணில் புதைப்பதே நல்லது. பத்தடி இடைவெளி. மழை தொடங்கும் முன் போட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. மணல்மேட்டின் கடல் பக்கமாகப் போடுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டா பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்ததையும், நடுவே பனைகள் நின்றதையும் நான் நேரில் போய்ப் பார்த்தவன்.

ஓலைப்பெட்டி, பெரியபட்டினம்:

நான் ஓலைப் பெட்டி முடைகிறவள். கருப்பட்டி வைக்க, மீன் காய்ந்தது வைக்க, சீர் பெட்டி என்று எல்லாம் முடைவேன். எங்களுக்கு ஓலை வெட்டித் தருகிறவர்கள் சின்ன மரம், எட்டும் மரம் பார்த்துத்தான் குருத்தோலை எடுப்பார்கள். இந்த மரத்தில் தலைகள் தாழ்வாக இருப்பதால் யாராவது கை வைப்பார்கள். ஒரு மரத்தில் அளவுக்கு மேல் குருத்து எடுத்தால் அது தேறாது என்று எங்களுக்குத் தெரியும், புதிதாக வெட்ட வரும் பையன்களுக்குத் தெரியாது. அந்தக் காட்டுப் பக்கம் ஓலைக்குப் போகிறவர்களிடம் நான் சொல்லிவிடுகிறேன்.

சூளைக்காரர் விஷயத்துக்கு: பனை நம் மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். எங்கள் ஊரில் ஒரு வரப்புப் பனைக்காகத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தார், மரம் நிற்கிறது. சர்வே எண், மரத்தின் படம் இரண்டையும் மனுவோடு வையுங்கள். தனியாகப் போகாதீர்கள், அந்த மரத்தை அடையாளம் வைத்துக் கடலுக்குப் போகிறவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

வடலிக்காரன், மூக்கையூர்:

எல்லோருக்கும் நன்றி. காட்டுக்காரரிடம் போனில் பேசிவிட்டேன். ஐயா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். இந்த ஒரு மரத்தை விலையில் சேர்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மற்ற மரங்களுக்கு இன்னும் பதில் இல்லை, அதனால் மனுவும் கொடுக்கப்போகிறோம். அக்கா சொன்னபடி சர்வே எண் வாங்கிவிட்டேன். கரையில் கையெழுத்து வாங்கும் வேலையை வலைக்காரப் பெரியவர் ஒருவர் எடுத்துக்கொண்டார்.

நரிப்பையூர்த் தம்பி, ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் வேலை இல்லை. காலை வெயில் ஏறும் முன் வாருங்கள். ஏணி இருக்கிறது, வேப்பங்கொட்டை இடித்து வைக்கிறேன். கீழே கிடக்கும் கொட்டைகளைச் சாக்கில் சேர்த்திருக்கிறேன். சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் நடுவதற்கு இடம் வைத்திருப்பவர்கள் இங்கேயே எழுதுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.