தஹாராவில் விடிய மறுத்த இரவு

ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், தொயோஹாஷியில் பணி நிமித்தம் வசித்த காலத்தில் நான் அடிக்கடி சென்றுவந்த ஊர் தஹாரா. 2003, 2005 ஆண்டுகளின் இணைப்புகளால் பெயரளவில் நகரமாகிவிட்ட அது, உண்மையில் அத்சுமி தீபகற்பத்தின் பெரும்பகுதியை நிறைத்துக் கிடக்கும் வேளாண் நாடுதான். வடக்கே அமைதியான மிகாவா விரிகுடா, தெற்கே ஓயாது அலையடிக்கும் பசிபிக், இடையே குளிர்காலம் முழுவதும் முட்டைக்கோஸ் வயல்கள். ரயில் மிகாவா-தஹாரா நிலையத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் பேருந்தையோ சைக்கிளையோதான் நம்ப வேண்டும். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தீபகற்பத்தின் நுனியிலுள்ள இராகோ முனைக்குச் செல்லும் வழியில், விவசாயக் குடும்பம் ஒன்று நடத்திய சிறு விடுதியில் ஒருமுறை தங்கினேன். நள்ளிரவில் விழித்துப் பார்த்தபோது, சன்னலுக்கு வெளியே இருந்த கண்ணாடிக் குடில்கள் அத்தனையும் ஒளிர்ந்துகொண்டிருந்தன. பயிருக்குக் கதகதப்பூட்டவே விளக்குகள் என்று எண்ணி, காலையில் விடுதிக்காரப் பெரியவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தம் குடிலுக்குள் அழைத்துச் சென்று விளக்கினார். இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். நடு இரவில் சில மணி நேரம் விளக்கெரித்து அந்த நீண்ட இருளைத் துண்டித்துவிட்டால், செடி கோடை இன்னும் முடியவில்லை என்றெண்ணி வளர்ந்துகொண்டே இருக்கும். புத்தாண்டுக்கோ, முன்னோரை வழிபடும் நாள்களுக்கோ பூ தேவைப்படும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு விளக்கை நிறுத்துகிறார்கள். தண்டுக்கு ஒரே பெரிய பூ நிற்கும்படி பக்க மொட்டுகளைக் கையால் கிள்ளுகிறார்கள். அந்த வேலையில், தொழிற்பயிற்சிக்காக வெளிநாட்டிலிருந்து வந்த இளைஞர்களும் இருந்தனர்.

விளக்கைவிடத் தண்ணீரைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. பெரிய ஆறு எதுவும் இல்லாத அந்த மண், அவருடைய தந்தையின் காலத்தில் மழையையும் குளத்தையும் நம்பியே இருந்ததாம். வடக்கு மலைகளிலிருந்து நீரைக் கொண்டுவரும் தொயோகாவா கால்வாய் 1968இல் முழுமையடைந்த பிறகே, வேளாண் உற்பத்தி மதிப்பில் நாட்டின் முன்னணி நகராட்சிகளுள் ஒன்றாகத் தஹாரா உயர்ந்தது. சுற்றுலாக் கையேடுகள் கடுகுப்பூ வயல்களையும் அகபானே கடற்கரையின் அலைச்சறுக்கு வீரர்களையும் காட்டுகின்றனவேயன்றி, இந்தக் கால்வாயை ஏன் காட்டுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

செல்ல விரும்புவோர் குளிர்காலத்தில் செல்லுங்கள். அனுமதி கேட்காமல் குடில்களுக்குள் நுழையாதீர்கள். இராகோவில் சுட்டுத் தரும் பெரிய சிப்பியைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.